உயிரியல் கிரேடு கணக்கு: ஆன்லைன் கால்குலேட்டரா, எக்செல் தாளா, கைக்கணக்கா?

ஒரு மாணவிக்கு உயிரியலில் இதுவரை கிடைத்த மதிப்பெண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: வகுப்புத் தேர்வுகளில் 50-க்கு 39, ஆய்வக அறிக்கைகளில் 100-க்கு 91, செயல்திட்டத்தில் 20-க்கு 17, இடைத்தேர்வில் 100-க்கு 66. இறுதித் தேர்வு இன்னும் நடக்கவில்லை. அவர் எதிர்பார்க்கும் கிரேடுக்கு 80% வேண்டும். இதே எண்களை மூன்று ஆன்லைன் கால்குலேட்டர்களில் போட்டால் ஒன்று 78.9 என்றும், இன்னொன்று 80 என்றும், மூன்றாவது 81.1 என்றும் காட்டக்கூடும். ஒன்றில் கிரேடு போயிற்று, ஒன்றில் விளிம்பில் நிற்கிறது, ஒன்றில் கையில் இருக்கிறது.

மூன்றிலும் கணக்குப் பிழை கிடையாது. முதலாவது, வாங்கிய மதிப்பெண்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி மொத்தத்தால் வகுத்தது: 270-க்கு 213. இரண்டாவது, நான்கு சதவீதங்களின் (78, 91, 85, 66) சாதாரண சராசரியை எடுத்தது. மூன்றாவது மட்டுமே பள்ளி அறிவித்த வெயிட்டேஜை, அதாவது இறுதி நூற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள பங்கை, கேட்டு வாங்கியது: வகுப்புத் தேர்வு 20, ஆய்வகம் 25, செயல்திட்டம் 10, இடைத்தேர்வு 15, இறுதித் தேர்வு 30. அதன்படி இதுவரை சேர்ந்த புள்ளிகள் 15.6 + 22.75 + 8.5 + 9.9 = 56.75. நடந்து முடிந்த பகுதியின் வெயிட்டேஜ் 70. 56.75-ஐ 70-ஆல் வகுத்தால் 81.07%.

ஆகவே எந்தக் கருவி நல்லது என்பதை அதன் தோற்றத்தையோ வேகத்தையோ வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் பாடத்தின் விதியை அது கேட்டு வாங்குகிறதா, தானாக ஒன்றை ஊகித்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. உயிரியலில் இது கூடுதலாக உறுத்தும். எழுத்துத் தேர்வு, பிராக்டிகல், ஆய்வக அறிக்கை, இன்டர்னல் என்று வெவ்வேறு அளவுகோலில் மதிப்பெண் வரும் பாடம் இது. பெரும்பாலான மாணவர்களுக்கு ஆய்வக மதிப்பெண் உயரமாகவும் எழுத்துத் தேர்வு தாழ்வாகவும் இருக்கும்; வெயிட்டேஜ் மாறினால் விடையும் பெரிதாக ஆடும்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கிரேடு கால்குலேட்டரைத் தேடுபவர்கள் மூன்று வெவ்வேறு விஷயங்களைத் தேடுகிறார்கள். இப்போது நான் எங்கே நிற்கிறேன்? இறுதித் தேர்வில் எவ்வளவு வேண்டும்? பொதுத்தேர்வு வாரியம் எனக்கு என்ன கிரேடு தரும்? முதல் இரண்டும் வெறும் கணக்கு; விதி தெரிந்தால் விடை துல்லியமாக வரும். மூன்றாவது கணிப்பு. அங்கே எந்தக் கருவியாலும் துல்லியம் தர முடியாது, தருவதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தவறான விடைகளை எண்ணும் கால்குலேட்டர்

மொத்தக் கேள்விகள் எத்தனை, தவறு எத்தனை என்று இரண்டே எண்கள் கேட்கும். ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் உள்ள தாளுக்குப் போதும். ஒளிச்சேர்க்கையின் இருள்வினையை விளக்கும் ஐந்து மதிப்பெண் வினாவும், பச்சையம் எங்கே உள்ளது என்ற ஒரு மதிப்பெண் வினாவும் இதற்கு ஒன்றுதான். கலப்புத் தாளுக்கு இதைத் தொடவே கூடாது.

வெயிட்டேஜ் கால்குலேட்டர்

ஒவ்வொரு வரியிலும் பிரிவு, மதிப்பெண், வெயிட்டேஜ் என்று நிரப்புவது. முதல் கேள்விக்குச் சரியான ஆன்லைன் கருவி இதுதான். ஆனால் நம்புவதற்கு முன் ஒரு நிமிடம் சோதித்துப் பாருங்கள். எல்லாப் பிரிவிலும் 50% போட்டால் விடை 50 வர வேண்டும். ஒரு பிரிவில் 100, மற்றவற்றில் 0 போட்டால், அந்தப் பிரிவின் வெயிட்டேஜ் அப்படியே விடையாக வர வேண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் பாருங்கள். அதை 0 என்று எடுத்துக்கொள்கிறதா, ஒதுக்கிவிடுகிறதா? கடைசியாக, வெயிட்டேஜ்களின் கூட்டுத்தொகை 90 வரும்படி போட்டு எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். சத்தமில்லாமல் 90-ஐ 100 ஆக நீட்டிக் கணக்கிடும் கருவிகள் உண்டு. நடந்து முடிந்த 70-ஐ மட்டும் போடும்போது அந்த நீட்டல் நமக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரு வரியை மறந்துவிட்டால் அதே நீட்டல் பிழையை மூடி மறைத்துவிடும்.

பலருக்கும் தெரியாத குழப்பம் பிரிவுக்குள்ளே இருக்கிறது. வகுப்புத் தேர்வு என்ற ஒரே பிரிவில் 10-க்கு 9 ஒன்று, 25-க்கு 15 ஒன்று. மதிப்பெண்களைக் கூட்டினால் 35-க்கு 24, அதாவது 68.6%. சதவீதங்களின் சராசரி எடுத்தால் 90-க்கும் 60-க்கும் நடுவே, 75%. அந்தப் பிரிவுக்கு 20 வெயிட்டேஜ் என்றால் இறுதி விடையில் 1.3 புள்ளி வித்தியாசம். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “பிரிவுக்குள்ள மார்க்கைக் கூட்டுவீங்களா, பர்சென்டேஜை சராசரி எடுப்பீங்களா?” குறைந்த மதிப்பெண் ஒன்றை விட்டுவிடும் வழக்கம் இருந்தால் அதையும் கூடவே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான ஆன்லைன் கருவிகளில் அதற்கு வசதி இருக்காது. நீங்களே அந்த வரியை நீக்கிவிட்டுப் போட வேண்டும்.

“இறுதித் தேர்வில் எவ்வளவு வேண்டும்” கால்குலேட்டர்

அதிகம் பயன்படுவதும், அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். மூன்று எண்கள் கேட்கும்: இப்போதைய கிரேடு, இலக்கு, இறுதித் தேர்வின் வெயிட்டேஜ். “இப்போதைய கிரேடு” என்ற கட்டத்தில்தான் கால் வழுக்குகிறது. மேலே சொன்ன மாணவி அங்கே 81.07 போட வேண்டும். சேர்ந்த புள்ளிகளான 56.75-ஐப் போட்டால், கருவி அதை மறுபடியும் 0.7-ஆல் பெருக்கி, இறுதித் தேர்வில் 134% வேண்டும் என்று சொல்லும். நூற்றுக்கு மேல் விடை வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். முதலில் எந்த எண்ணைப் போட்டீர்கள் என்று பாருங்கள்.

உண்மையில் இதற்குக் கருவியே தேவையில்லை. இலக்கிலிருந்து சேர்ந்த புள்ளிகளைக் கழித்து, மீதி வெயிட்டேஜால் வகுத்தால் போதும். 80-இலிருந்து 56.75 போக 23.25; அதை 30-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 77.5%. இறுதித் தாள் 70 மதிப்பெண் என்றால் 54.25 வேண்டும், அதாவது 55. இந்த இடத்தில் எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்: 54 வாங்கினால் மொத்தம் 79.89-இல் நின்றுவிடும். 90 சாத்தியமா? 33.25-ஐ 30-இல் எடுக்க முடியாது. அவருடைய உச்சவரம்பு 86.75. இதைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொண்டால், எட்டாத கிரேடுக்காக மற்றப் பாடங்களின் நேரத்தைத் தின்ன வேண்டியதில்லை.

இந்த வகைக் கருவிகள் அறியாத ஒன்று, தனித்தனித் தேர்ச்சி விதி. சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு உயிரியலில் எழுத்துத் தேர்வு 70, பிராக்டிகல் 30. மொத்தத்தில் மட்டுமல்ல, எழுத்திலும் பிராக்டிகலிலும் தனித்தனியே 33% வேண்டும். பிராக்டிகலில் 29, எழுத்தில் 14 என்றால் கால்குலேட்டர் 43 என்று காட்டி, தேர்ச்சி என்று பச்சை நிறத்தில் எழுதும். ஆனால் எழுத்துத் தேர்வில் 20% மட்டுமே என்பதால் அது தேர்ச்சி அல்ல. இப்படி ஒரு தடை உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் போடுங்கள்.

வாரியத் தேர்வுக் கணிப்பான்கள்: இங்கேதான் கவனம்

ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகச் செய்யப்பட்ட கணிப்பான்கள் இணையத்தில் நிறைய. இவற்றின் பாதி வேலை வெறும் கணக்கு, அது நம்பத்தக்கது. மீதிப் பாதி கிரேடு எல்லை (எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு என்பது), அது ஊகம். இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் இவை நல்ல கருவிகள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி பயாலஜியை எடுத்துக்கொள்வோம். 60 பலவுள் தெரிவு வினாக்களுக்குப் பாதி, எழுத்து வினாக்களுக்குப் பாதி. எழுத்துப் பகுதியில் தலா 9 மதிப்பெண்ணுக்கு 2 நீண்ட வினாக்கள், தலா 4 மதிப்பெண்ணுக்கு 4 குறுவினாக்கள், ஆக 34. பலவுள் தெரிவில் 42, எழுத்தில் 20 என்றால் 35 + 29.4 = 64.4. இந்த எண் உறுதியானது. இதிலிருந்து ஒரு பயனுள்ள செய்தியும் கிடைக்கிறது: எழுத்துப் பகுதியின் ஒரு மதிப்பெண் நூற்றுக்கு 1.47, பலவுள் தெரிவின் ஒரு மதிப்பெண் 0.83. எழுத்தில் தவறவிடும் ஒரு மதிப்பெண், பலவுள் தெரிவில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் வினாவுக்குச் சமம். பயிற்சிக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எங்கே செலவிடுவது என்பதற்கு இதுவே விடை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் முறை 2011-இலேயே போய்விட்டது. இன்னும் கால் மதிப்பெண் கழிக்கும் கணிப்பானைக் கண்டால் அப்போதே மூடிவிடலாம்.

ஆனால் 64.4 என்பது 1 முதல் 5 வரையிலான அளவில் 3-ஆ, 4-ஆ என்ற கேள்விக்குக் கணிப்பான் தரும் பதில், முன்பு வெளியான தேர்வுகளை வைத்துச் செய்த ஊகம். அதனால்தான் ஒரே எண்களுக்கு இரண்டு தளங்கள் இரண்டு விடை சொல்கின்றன. எது கருணை காட்டுகிறதோ அதை நம்புவது மனித இயல்பு; கடுமையானதை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இங்கிலாந்தின் ஏக்யூஏ வாரியம் நடத்தும் ஏ-லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) உயிரியலில் நிலைமை தலைகீழ். மூன்று தாள்கள்: 91, 91, 78, மொத்தம் 260. வெயிட்டேஜ் 35, 35, 30. 260-இல் 35% சரியாக 91, 30% சரியாக 78. ஆகவே வெயிட்டேஜ் கணக்கே தேவையில்லை, மூன்றையும் கூட்டினால் போதும். ஒவ்வோர் ஆண்டின் கிரேடு எல்லையும் முடிவுகளோடு வெளியிடப்படுகிறது. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் அட்டவணையை எடுத்து உங்கள் கூட்டுத்தொகையை அதில் வைத்துப் பார்ப்பது எந்தக் கணிப்பானையும் விட மேல். செய்முறைக்கான சான்று அங்கே கிரேடில் சேராது, தனியாக அறிவிக்கப்படும். ஏக்யூஏ ஏ-லெவலுக்கு என்று சொல்லி ஆய்வக மதிப்பெண் கேட்கும் கருவி வேறு எதற்கோ செய்யப்பட்டது. அதே வாரியத்தின் ஜிசிஎஸ்இ (ஏ-லெவலுக்கு முந்தைய, 16 வயதுத் தேர்வு) உயிரியலில் தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். அடிப்படை நிலை, உயர் நிலை என இரு பிரிவு. அடிப்படை நிலையில் எட்டக்கூடிய உச்சம் கிரேடு 5. எந்த நிலை என்று கேட்காமல் 9 வரை காட்டும் கணிப்பானால் பயனில்லை.

ஐபி (இன்டர்நேஷனல் பக்கலாரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) உயிரியலுக்குக் கணிப்பான் தேடினால் முதலில் அது மூன்றாம் தாளைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது பழைய பாடத்திட்டத்துக்கானது. 2025 முதல் நடக்கும் தேர்வில் முதல் தாளுக்கு 36%, இரண்டாம் தாளுக்கு 44%, அக மதிப்பீட்டுக்கு 20%. மூன்றாம் தாள் எடுக்கப்பட்டுவிட்டது. அக மதிப்பீடு 24 மதிப்பெண்ணுக்கு, அதில் ஒரு மதிப்பெண் இறுதியில் 0.83%.

சில முறைகளில் கணிப்பானுக்கு இடமே இல்லை. சிபிஎஸ்இ 12-இல் ஏ1 என்பது 91-க்கு மேல் வாங்கியவர்களுக்கு என்று பல தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. அது தவறு. அங்கே அந்தந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று பிரிக்கிறார்கள். உங்கள் மதிப்பெண் மட்டும் தெரிந்து கிரேடு சொல்ல முடியாது. மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் வேண்டும். இலங்கை உயர்தரத்தின் இசட் புள்ளியும் அப்படித்தான்: எல்லோருடைய மதிப்பெண்களின் சராசரியும் நியமவிலகலும் (அவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவும்) தெரியாமல் அதைக் கணக்கிட வழியில்லை. இத்தகைய தேர்வுக்கு மதிப்பெண்ணை மட்டும் கணக்கிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

போடும் எண்ணே ஆட்டம் காணும்போது

மாதிரித் தாளை நீங்களே திருத்தி அந்த மதிப்பெண்ணைப் போடுகிறீர்கள் என்றால், பிழையின் பெரும்பகுதி கருவியில் அல்ல, திருத்தலில் இருக்கிறது. உயிரியல் விடைக்குறிப்பு சொல்லைப் பார்க்கும். வெப்பம் கூடினால் நொதி “இறந்துவிடும்” என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. இயல்பிழக்கிறது, செயல்மையத்தின் வடிவம் மாறுகிறது என்று வர வேண்டும். சவ்வூடு பரவலில் தேர்வு கடத்து சவ்வைச் சொல்லாமல் “தண்ணீர் உள்ளே போகும்” என்றால் பாதிதான் கிடைக்கும். வரைபடத்தில் அச்சுக்கு அலகு எழுதாதது, கண்டறிந்த போக்கைச் சொல்லிவிட்டு எண்ணை எடுத்துக்காட்டாதது, இவையெல்லாம் தன்னைத்தானே திருத்தும்போது கண்ணில் படாது. “மனசுல இருந்தது அதுதானே” என்று நாமே மதிப்பெண் போட்டுவிடுவோம்.

அதனால் ஒரே எண்ணைப் போடாமல் மூன்று முறை ஓட்டுங்கள்: கறாராகத் திருத்தினால், நடுத்தரமாக, தாராளமாக. மேலே பார்த்த ஏபி எடுத்துக்காட்டில் பலவுள் தெரிவு 40 முதல் 44 வரை, எழுத்து 17 முதல் 23 வரை என்றால் விடை 58.3 முதல் 70.5 வரை பரவுகிறது. 12 புள்ளி அகலம். இந்த அகலத்துக்குள் ஒரு கிரேடு எல்லையாவது விழ வாய்ப்பு அதிகம். “உங்கள் கிரேடு 4” என்று ஒற்றை எண்ணாகக் காட்டும் திரை மறைப்பது இந்த அகலத்தைத்தான்.

எக்செல் தாள்

ஆண்டு முழுவதும் கணக்கு வைத்துக்கொள்ள இதற்கு நிகரில்லை. ஆன்லைன் கால்குலேட்டரில் பக்கத்தை மூடினால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு முறையும் மறுபடி தட்டச்சு செய்யும்போது ஒரு எண் இடம் மாறும். தாள் ஒருமுறை கால் மணி நேர வேலை.

ஐந்து நெடுவரிசைகள் போதும்: பிரிவு, பெற்ற மதிப்பெண், மொத்த மதிப்பெண், வெயிட்டேஜ், புள்ளி. புள்ளி என்பது பெற்றதை மொத்தத்தால் வகுத்து வெயிட்டேஜால் பெருக்கியது. பெற்ற மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தால் புள்ளிக் கட்டமும் காலியாக இருக்கும்படி ஒரு நிபந்தனைச் சூத்திரம் எழுதுங்கள். இல்லையென்றால் நடக்காத தேர்வு பூஜ்யமாக உள்ளே வரும். கீழே மூன்று கட்டங்கள்: மொத்த வெயிட்டேஜ் (100 வராவிட்டால் சிவப்பாகட்டும்), சேர்ந்த புள்ளிகள், நடந்து முடிந்தவற்றின் வெயிட்டேஜ். கடைசி இரண்டையும் வகுத்தால் இப்போதைய நிலை. பக்கத்தில் இலக்கு என்று ஒரு கட்டம் வைத்து, அதிலிருந்து புள்ளிகளைக் கழித்து மீதி வெயிட்டேஜால் வகுத்தால், இறுதித் தேர்வில் தேவைப்படுவதும் அங்கேயே வந்துவிடும்.

முழுமையாக்கலை மட்டும் இடையில் செய்யாதீர்கள். 79.46-ஐ ஒரு தசமமாகச் சுருக்கினால் 79.5, அதை மறுபடி முழு எண்ணாக்கினால் 80. உண்மையில் அது 79. தாளில் எல்லாத் தசமங்களையும் வைத்திருந்து, கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு முறை, பள்ளி எப்படிச் செய்கிறதோ அப்படியே செய்யுங்கள்.

சாட்பாட்டிடம் கேட்பது, செயலிகள்

வெயிட்டேஜையும் மதிப்பெண்ணையும் முழுமையாகக் கொடுத்தால் சாட்பாட் கணக்குப் போட்டுத் தரும். படிகளைக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். கிரேடு எல்லையை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், இல்லாத எல்லையையும் தயங்காமல் சொல்லும். மொபைல் செயலிகளில் கணக்கு ஒன்றுதான். பதிவெண்ணோ மின்னஞ்சலோ கேட்டால் கொடுக்கத் தேவையில்லை, சராசரி எடுக்க அவை எதற்கும் உதவாது.

எதை எப்போது

தேர்வுக்கு முந்தைய நாள் ஒரே ஒரு முறை தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கைக்கணக்கு. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். ஆண்டு முழுவதும் என்றால் எக்செல் தாள். வெயிட்டேஜ் கால்குலேட்டர் இரண்டுக்கும் நடுவே, தாளைச் சரிபார்க்கும் இரண்டாம் கருத்தாக. வாரியக் கணிப்பானை எந்தப் பகுதியில் படித்தால் அதிகம் ஏறும் என்று பார்க்கப் பயன்படுத்துங்கள், கிரேடை அறிவிக்க அல்ல.

பள்ளியின் இணையப் பக்கத்தில் கிரேடு தெரியும் என்றால் அதுவும் ஒரு கருவிதான், ஆசிரியரின் விதிகள் ஏற்கெனவே அதில் இருப்பதால் மதிப்பு அதிகம். ஆனால் உங்கள் எக்செல் தாளோடு அது ஒத்துப்போகாத நாள் வரும். நம் மாணவிக்குப் பள்ளிப் பக்கம் 72.9 காட்டுகிறது, தாள் 81.1 காட்டுகிறது என்றால் 8 புள்ளி வித்தியாசம் முழுமையாக்கலால் வராது. அவ்வளவு பெரிய ஓட்டைக்கு வழக்கமான காரணம் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பூஜ்யம். வெயிட்டேஜ் அதிகமுள்ள பிரிவிலிருந்து தேடத் தொடங்குங்கள். தலா 100-க்கு நான்கு ஆய்வக அறிக்கைகளில் மூன்றின் சராசரி 91, நான்காவது இன்னும் பதிவேறாமல் 0 என்று நின்றால், அந்தப் பிரிவு 68.25 ஆகிறது, மொத்தம் சரியாக 72.9-க்கு வருகிறது. ஆசிரியரிடம் “என் கிரேடு தப்பா இருக்கு சார்” என்று போவதைவிட, “நாலாவது லேப் ரிப்போர்ட் மார்க் இன்னும் ஏறலை சார்” என்று போனால் வேலை அன்றே முடியும்.